மலை உச்சியில் தாகம்

நேபாளக் கிராமங்களில் நீர்த் தொண்டு செய்தோர் கண்ட கஷ்டங்கள்

கோடை காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் வழக்கம் நம் நாட்டில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. நாலு மூங்கில், கொஞ்சம் கீற்று, இரண்டு பானை, நீர்மோர் வார்க்க ஓர் ஆள் - இவ்வளவும் இருந்தால் தர்மம் நடந்து விடும். மழை வந்ததும் பந்தலைப் பிரித்து விடலாம். புண்ணியம் மட்டும் கணக்கில் நிற்கும். ஆனால், பந்தலைப் பிரிக்கவே கூடாது, இருபது வருஷமானாலும் பானை வற்றக் கூடாது, பந்தல் வைத்தவர் ஊரை விட்டுப் போன பிறகும் அது நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஒருவர் நிபந்தனை போட்டால் என்ன செய்வது? அதுவும் பாஷை தெரியாத அன்னிய தேசத்தில், வண்டி போகாத மலைமேல்?

இப்படிப்பட்ட தர்மத்தை மேற்கொண்டு சென்ற சில நூறு வாலிபர்களின் அநுபவத்தைத்தான் இங்கே நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம். அவர்கள் சென்ற தேசம் நமக்கு வெகு தூரமன்று. இமயமலையின் மடியிலுள்ள நேபாளம். பிற தேசத்துக்குப் போய்த் தொண்டு செய்ய வேண்டுமென்ற ஆவல் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டாகும் இக்காலத்தில், அந்தத் தொண்டில் உள்ள முள்ளையும் மலரையும் முன்கூட்டியே அறிந்து கொள்வது நல்லதல்லவா?

கண்ணெதிரே நதி, குடத்தில் நீரில்லை

நேபாளத்தில் தண்ணீர்ப் பஞ்சம் என்றால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். கோசி, கண்டகி, கர்ணாலி என்னும் மகா நதிகள் அங்கிருந்தே இறங்கி வந்து கங்கையில் கலக்கின்றன. பனிமலை வருஷம் முழுதும் உருகிக்கொண்டிருக்கிறது. ஆனால் நதி ஓடுவது பாதாளம் போன்ற பள்ளத்தாக்கில். மக்கள் வசிப்பது மலையின் முதுகில். பள்ளத்தாக்கில் கொசுவும் காய்ச்சலும் அதிகமென்று முன்னோர்கள் மேலே குடியேறினார்கள். ஆகவே, திண்ணையில் உட்கார்ந்தால் நதியின் ஓசை காதில் விழும். அதில் ஒரு குடம் கொண்டுவர வேண்டுமானால் அரை நாள் ஆகும்.

இதனால் மலைவாசிகள் நம்பியிருப்பது சுனைகளையே. பாறை இடுக்கில் கசியும் நீரைக் கல்லால் செய்த தாரை வழியாக விழச் செய்வது அவர்களுடைய பழைய வழக்கம். காத்மாண்டு சமவெளியில் உள்ள பாடன் நகரத்தில் கி.பி. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல் தாரை இன்றும் இருக்கிறது. ஆகவே நீர்க்கலை அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் கிராமம் பெருத்தது, சுனை பெருக்கவில்லை. பல ஊர்களில் ஸ்திரீகளும் சிறுமிகளும் 'காக்ரி' என்னும் செப்புக் குடத்தைக் கூடையில் வைத்து, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, செங்குத்தான பாதையில் ஏறி இறங்கினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பெண் குழந்தை குடத்துடன் போயிற்று. மாடும் மனிதரும் ஒரே குட்டையில் நீர் குடித்த ஊர்களில் வாந்திபேதியும் வயிற்றுக்கடுப்பும் வருஷந்தோறும் குழந்தைகளைக் கொண்டு சென்றன.

இதற்குப் பரிகாரம் எளிதானதுதான். ஊருக்கு மேலே உயரத்தில் ஒரு சுனையைக் கண்டுபிடித்து, அதற்குச் சிமெண்டுக் கூடு கட்டி, குழாய் போட்டு ஊருக்குக் கொண்டுவந்து விட்டால் போதும். நீர் தானே இறங்கி வரும். யந்திரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பூமியின் இழுப்பே பம்பு. காகிதத்தில் எழுதிப் பார்க்கும்போது இதைப்போல் சுலபமான காரியம் வேறு இல்லை.

வந்தவர்கள் யார்?

நேபாளம் வெகு காலம் வெளியுலகத்துக்குக் கதவை அடைத்து வைத்திருந்த தேசம். ராணாக்களின் ஆட்சி 1951-இல் முடிந்த பிறகே கதவு திறந்தது. ஸ்விட்ஸர்லாந்து நாட்டார் 1950-களிலேயே அங்கே தொண்டு செய்யப் புறப்பட்டார்கள். தங்கள் நாட்டைப் போன்ற மலைநாடு என்பதால் அவர்களுக்கு அதில் தனி அபிமானம். 1962-இல் அமெரிக்க 'பீஸ் கோர்' தொண்டர்களின் முதல் கூட்டம் காத்மாண்டு வந்து இறங்கியது. 1964 முதல் பிரிட்டிஷ் தொண்டர்களும் வந்தார்கள். அப்புறம் யூனிஸெப் குழாயும் சாமானும் கொடுத்து உதவ, நேபாள அரசாங்கத்தின் உள்ளூர் அபிவிருத்தி இலாகா மலைக் கிராமங்களில் குழாய் நீர் வேலையை மேற்கொண்டது. அந்த இலாகாவின் ஓவர்ஸியர்களோடு தொண்டர்களும் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் காலேஜ் படிப்பை அப்போதுதான் முடித்த இருபது, இருபத்திரண்டு வயது இளைஞர்கள். இரண்டு வருஷத் தொண்டு என்பது பேச்சு. சில மாதம் பாஷைப் பயிற்சி. பிறகு மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு நடை. கடைசி பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊர் போய்ச் சேர இரண்டு நாள் ஆகலாம். ஐந்து நாளும் ஆகலாம்.

வாளியும் கடிகாரமும்

முதல் வேலை சுனையை அளப்பது. ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் இருந்தால் போதும். ஆனால் எப்போது அளப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மழைக் காலம் முடிந்தவுடன் பார்த்தால் எல்லாச் சுனையும் கங்கையாகத் தோன்றும். பங்குனி சித்திரையில், புல் காய்ந்து கிடக்கும் சமயத்தில் பார்த்தால்தான் அதன் உண்மையான யோக்கியதை தெரியும்.

கணக்கை நேயர்களும் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 45 லிட்டர் என்பது நேபாள மலைக் கிராமத்திற்கு வகுத்த அளவு. இன்று ஊரில் 400 பேர் இருந்தால் வேண்டியது 18,000 லிட்டர். ஆனால் இன்றைக்கு மட்டும் பார்த்தால் போதாது. இருபது வருஷத்துக்குப் பின் ஊர் 600 பேராக வளரும் என்று வைத்துக் கொண்டால் 27,000 லிட்டர் வேண்டும். இருபது லிட்டர் வாளி ஒரு நிமிஷத்தில் நிறைந்தால் அந்தச் சுனை நாளைக்கு 28,800 லிட்டர் கொடுக்கும், காரியம் ஆயிற்று. அதே வாளி நிறைய நூறு விநாடி ஆனால் 17,280 லிட்டர்தான். இன்றைய ஜனங்களுக்கே போதாது. நாற்பது விநாடி வித்தியாசத்தில் ஓர் ஊரின் விதி நிர்ணயமாகிறது! இரவெல்லாம் சும்மா ஓடும் நீரைச் சேர்த்து வைக்க ஒரு தொட்டியும் கட்ட வேண்டும். ஏனெனில் ஊரார் அனைவரும் குடத்தோடு வருவது விடியற்காலையில் ஒரே சமயத்தில்தான்.

அடுத்தது உயரத்தின் தொல்லை. நீர் பத்து மீட்டர் இறங்கினால் குழாயின் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தம் ஏறும். கறுப்புப் பாலிதீன் குழாய்களில் ஒரு ஜாதி 6 கிலோ வரை தாங்கும். இன்னொரு ஜாதி 10 கிலோ. அதாவது 60 மீட்டர் அல்லது 100 மீட்டர் இறக்கத்துக்கு மேல் போனால் குழாய் வெடிக்கும். சுனைக்கும் ஊருக்கும் 300 மீட்டர் இறக்கமிருந்து, முதல் ஜாதிக் குழாயைப் போட்டால், நடுவிலே நாலு இடத்தில் சிறு தொட்டி கட்டி, நீரை அதில் விழவிட்டு, அழுத்தத்தைத் தணித்து மறுபடி அனுப்ப வேண்டும். குதிரையை மலையிலிருந்து இறக்குகிறவன் இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்க விடுவது போலத்தான். குழாய் ஒரு பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் இடங்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். அழுத்தம் போதாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்று நீரை வழிமறித்து நிறுத்தி விடும். குழாய் முழுதும் சரியாக இருக்கும்; சுனையில் நீர் இருக்கும்; குழாயடியில் ஒரு சொட்டும் வராது. புதிய தொண்டர்களை இரவில் தூங்க விடாமல் செய்தது இதுவே.

இந்த நுட்பங்களையெல்லாம் தொகுத்து டாமஸ் ஜார்டன் என்பவர் யூனிஸெப்புக்காக எழுதிய கைப்புத்தகம் 1980-இல் நேபாளத்தில் வெளிவந்தது. பெரிய எஞ்ஜினீயர்களுக்காக எழுதப்பட்டதன்று அது. மலையில் தனியாக நிற்கும் ஓவர்ஸியருக்காக எழுதப்பட்டது. ஆகவேதான் பிறகு பல தேசங்களின் மலைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

சிரமதானம்

கணக்கு முடிந்ததும் சாமான் வர வேண்டும். அரசாங்கமும் யூனிஸெப்பும் குழாயும் சிமெண்டும் கொடுக்கும். சுமப்பதும், மண் வெட்டுவதும், கல் உடைப்பதும், மணல் கொண்டு வருவதும் ஊராரின் பொறுப்பு. இதற்கு அங்கேயும் 'சிரமதானம்' என்றே பெயர். வீட்டுக்கு ஓர் ஆள் வீதம் வர வேண்டும் என்று பஞ்சாயத்தில் தீர்மானிப்பார்கள்.

பாலிதீன் குழாய் பெரிய சக்கரமாகச் சுருட்டி வரும். அதை நெற்றிப் பட்டையில் மாட்டி முதுகில் சுமந்து, கயிற்றுப் பாலத்தைக் கடந்து வரவேண்டும். சிமெண்டு மூட்டை ஒன்று 50 கிலோ. வழியில் ஒரு மழை பிடித்துக்கொண்டால், அத்தனை தூரம் சுமந்து வந்தது பாறாங்கல்லாகி விடும். குழாயைக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் எருமை மிதிக்கும், வெயில் கெடுக்கும், புல்லுக்கு வைக்கும் தீ பொசுக்கும். மூன்று நான்கு கிலோ மீட்டர் நீளத்துக்குப் பாறையில் வாய்க்கால் வெட்டுவது என்பது எளிதான காரியமா?

அந்நிய தேசத்து வாலிபர் ஒரு கால அட்டவணை எழுதிக்கொண்டு வருவார். ஆனி ஆடியில் நாற்று நடவு. யாரும் வர மாட்டார்கள். ஆவணி வரை மழை, பாதையே இராது. புரட்டாசி ஐப்பசியில் தஸைன் பண்டிகை. நமது நவராத்திரியும் விஜயதசமியும்தான் அங்கே தஸைன்; தேசத்திலேயே பெரிய பண்டிகை. அதைத் தொடர்ந்து தீபாவளி. பிறகு அறுவடை. ஆக, கார்த்திகைக்கு முன் மண்வெட்டி எழுந்திருக்காது. இரண்டு வருஷத் தொண்டில் இப்படி வேலை நடக்கும் பருவம் இரண்டே வாய்க்கும். "இந்த ஜனங்களுக்கு அவசரமே இல்லை" என்று தொண்டர் சலித்துக் கொள்வார். அவர்களுக்கு அவசரம் உண்டு. அது வயிற்றின் அவசரம். நாற்றைக் குறித்த காலத்தில் நடாவிட்டால் அடுத்த வருஷம் குடிக்க நீர் இருக்கும். உண்ணச் சோறு இராது. இதை உணர்ந்து தாமும் நாற்றங்காலில் இறங்கி நட்ட தொண்டருக்குக் கார்த்திகையில் ஆள் குறைவில்லாமல் கிடைத்தது என்பதில் நமக்கு ஆச்சரியமில்லை.

சுனை யாருடையது?

சிமெண்டைவிட மனிதர்களோடு பழகுவதே கஷ்டம். சுனை ஒருவருடைய நிலத்தில் இருக்கும். அதன் நீரைக்கொண்டு கீழே ஒருவர் நெல் பயிரிடுவார். இன்னும் கீழே ஒருவர் நீர்ச் சக்கரம் வைத்து மாவு அரைப்பார். அதற்கும் கீழே வேறோர் ஊர் அதையே நம்பிக் குடித்துக்கொண்டிருக்கும். மேலூரார் குழாய் போட்டு நீரை எடுத்துக்கொண்டால் கீழூரார் சும்மா இருப்பார்களா? இராத்திரியில் ஒரு கொடுவாள் வந்து வேலையை முடித்து விடும். பாலிதீன் குழாயை வெட்ட அதிக நேரம் வேண்டாம்.

அனுபவமில்லாத தொண்டர் முதலில் குழாய், பிறகு பேச்சு என்று எண்ணுவார். அனுபவசாலிகள் முதலில் பேச்சு என்பார்கள். அந்தப் பேச்சு ஆறு மாதம் நடக்கும். தேநீர் குடித்தாக வேண்டும்; பழைய கோர்ட்டு வழக்குகளைக் கேட்டாக வேண்டும்; யாருடைய பாட்டனார் யாருக்கு எந்தச் சொல் கொடுத்தார் என்பதை அறிந்தாக வேண்டும். கடைசியில் நிலத்துக்காரருக்கு ஒரு தனிக் குழாய், கீழூருக்கு வழிந்தோடும் நீர், எல்லாவற்றிற்கும் காகிதத்தில் கைநாட்டு என்று முடியும். அன்னியர் ஒருவர் ஆறு மாதம் சும்மா பேசிக்கொண்டிருந்தார் என்று கணக்கெழுதும் தலைநகரத்து உத்தியோகஸ்தருக்குத் தோன்றும். உண்மையில் வேலையில் பாதி அப்போதுதான் முடிந்திருக்கும்.

குழாயடியில் ஜாதி

இனி, எல்லாவற்றிலும் பெரிய கஷ்டத்துக்கு வருகிறோம். அது நமக்கும் புதிதன்று. ஆகவே நமக்குச் சிரிக்கவும் உரிமையில்லை, பிறரைப் பழிக்கவும் உரிமையில்லை.

நேபாளத்தில் 1854-இல் ஏற்பட்ட சட்டத் தொகுதி, இன்ன ஜாதியார் கையால் நீர் வாங்கலாம், இன்ன ஜாதியார் கையால் வாங்கக் கூடாது என்று எழுத்திலேயே வகுத்து வைத்திருந்தது. கொல்லர், தையற்காரர், தோல் வேலைக்காரர் ஆகியோர் நீர் செல்லாத ஜாதியார். அவர்கள் தொட்ட குடம் தீட்டு. அவர்கள் நின்ற தாரை தீட்டு. 1963-இல் வந்த புதிய சட்டத்தில் இந்தப் பேதத்திற்கு இடமில்லாமற் போயிற்று. ஆனால் காத்மாண்டுவில் எழுதிய சட்டம் மலையேறி வர எத்தனை நாளாகும்! 2011-இல் தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டனை விதிக்கும் தனிச் சட்டம் ஒன்றை மறுபடியும் செய்ய வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமையை ஊகித்துக் கொள்ளலாம்.

தொண்டரின் தர்ம சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். வாய்க்கால் வெட்டிய மண்வெட்டியை அடித்துக் கொடுத்தவர் கொல்லர். சிரமதானத்தில் அவர் வீட்டு ஆளும் வந்து மண் வெட்டியிருக்கிறார். வேலை முடிந்ததும், "இந்தக் குழாயை அவர்கள் தொடக்கூடாது" என்கிறது ஊர்ச் சபை. "அவர்களும் தொடலாம்" என்று தொண்டர் பிடிவாதம் செய்தால், அவர் போன மறுநாள் அந்த ஏழைகள் அடிபடலாம். "அவர்களுக்குத் தனிக் குழாய் போட்டு விடலாம்" என்று சமாதானம் செய்தால், தீண்டாமைக்குச் சிமெண்டில் அஸ்திவாரம் போட்டவர் அவராகி விடுவார். இரண்டு வழியிலும் தொண்டர்கள் சென்றிருக்கிறார்கள். கொல்லர் தெருவுக்கு முதலில் குழாய் போட்டால் அதுவரையில் நீரே காணாத குழந்தைகளுக்கு நீர் கிடைக்கும் என்று வாதித்தவர்களும் உண்டு. ஊர் முழுதும் ஒரே குழாயடிக்குச் சம்மதிக்கும் வரை ஒரு முழம் குழாய்கூட வைக்க மாட்டோம் என்று காத்திருந்தவர்களும் உண்டு. அன்னியர் என்ற முறையில் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்ற கேள்விக்கு எந்தக் கைப்புத்தகத்திலும் விடை இல்லை.

1927 மார்ச்சு 20-ஆம் தேதி, நம் தேசத்து மஹத் என்னும் ஊரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு சென்று பொதுக்குளத்தில் நீர் அருந்தினார். அந்த நீரை அவர்கள் தங்கள் உரிமையாலேயே அருந்தினார்கள். வெளியிலிருந்து வரும் உபகாரி குழாயைக் கொடுக்கலாம். உரிமையை ஊரிலுள்ளவர்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை நாம் அந்தக் குளக்கரையிலேயே கற்றோம். எனினும், எடுத்துக்கொள்பவர் பக்கத்தில் நிற்பதா, எதிரில் நிற்பதா என்பதை உபகாரியும் தீர்மானித்தே ஆகவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. குழாயடி எங்கே இருக்க வேண்டும் என்று சபை கூடும். பேசுகிறவர்கள் எல்லாரும் புருஷர்கள். அவர்களில் ஒருவராவது குடம் தூக்கியிருப்பாரா என்பது சந்தேகமே. முடிவில் குழாயடி தலைவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நீர் சுமக்கும் ஸ்திரீகளைத் தனியே கேட்டிருந்தால், குளிக்க மறைவிடம், குடம் வைக்க மேடை, வழுக்காத தளம் என்று நூறு விஷயம் சொல்லியிருப்பார்கள். குடிநீர்ச் சங்கங்களில் ஸ்திரீகளுக்கும் ஸ்தானம் வேண்டும் என்ற விதி பிற்காலத்தில் ஏற்பட்டதற்கு இத்தகைய அனுபவமே காரணம்.

தொண்டரின் தேகமும் மனமும்

சொந்தக் கஷ்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழைக் காலத்தில் அட்டை காலில் ஏறும். காலையிலும் மாலையிலும் பருப்பும் சோறும். நெல் விளையாத உயரத்தில் சோளமாவுக் களி. நீரைச் சுத்தமாக்க வந்தவருக்கே முதலில் வயிற்றுக்கடுப்பு வரும். கடிதம் வர ஒரு மாதம்.

இவற்றையெல்லாம் இளமை தாங்கிவிடும். தாங்க முடியாதது தனிமையும், தம்மைப் பற்றிய ஐயமுமே. வெள்ளைக்காரர் என்றால் பெட்டி நிறையப் பணம் இருக்கும் என்று ஊரார் எண்ணுவார்கள். அவரிடம் இருப்பதோ மாதப் படி மட்டும். "ஸார்" என்று மரியாதையாக அழைப்பார்கள். அவர் சொன்னதற்கெல்லாம் தலையசைப்பார்கள். மறுநாள் ஒருவரும் வர மாட்டார்கள். முகத்தெதிரே மறுத்துப் பேசுவது மரியாதையன்று என்ற நம் கிராமத்துச் சம்பிரதாயம் அங்கேயும் உண்டு. அந்தத் தலையசைப்பு "ஆம்" என்பதா, "பார்க்கலாம்" என்பதா, "உமக்கு ஒன்றும் தெரியாது" என்பதா என்று அறியத்தான் பாஷைப் பயிற்சி. அதற்கு இரண்டு வருஷமும் சரியாகிவிடும்.

பொறுமையிழந்த தொண்டர் கடைசியில் ஒரு தவறான வழியில் இறங்குவதுண்டு. "இவர்கள் வராவிட்டால் நானே செய்து முடிக்கிறேன்" என்று தாமே மண்வெட்டியை எடுப்பார். பார்ப்பதற்கு வெகு உத்தமமான காட்சி! ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அது "ஸாருடைய குழாய்" ஆகிவிடும். ஊராருடைய குழாய் உடைந்தால் ஊரார் கட்டுவார்கள். ஸாருடைய குழாய் உடைந்தால் ஸார் திரும்பி வரும் வரையில் காத்திருப்பார்கள்.

போன பிறகு

எந்தத் தர்மத்துக்கும் உண்மையான பரீக்ஷை செய்தவர் போன பிறகுதான். குழாயைத் திறக்கும் நாளில் மாலையும் குங்குமமும் மேளமும் அமர்க்களப்படும். அடுத்த வருஷம் ஒரு குழாயில் வாஷர் தேயும். அதன் விலை அற்பம். ஆனால் அதை வாங்கக் கடைத்தெருவுக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும். யார் நடப்பது? கூலி யார் கொடுப்பது? நீர் வீணாக ஓடும்; மேட்டிலுள்ள குழாய்க்கு நீர் ஏறாது; மேட்டுக் குடியினர் கோபத்தில் நடுவழியில் குழாயை உடைத்துக் குடம் வைப்பார்கள். ஐந்தாம் வருஷத்தில் மலைச்சரிவு ஒன்று மிச்சத்தைக் கொண்டுபோகும். மறுபடியும் சிறுமியின் நெற்றியில் பட்டை ஏறும்.

இது வெறும் கற்பனையன்று. 2014-இல் நேபாள அரசாங்கம் எடுத்த கணக்கின்படி, தேசத்திலிருந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்த் திட்டங்களில் நன்றாக வேலை செய்தவை சுமார் நான்கில் ஒரு பங்குதான். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவை சிறு ரிப்பேருக்காகக் காத்திருந்தன. சிறு ரிப்பேர் என்பதைக் கவனியுங்கள். பெரிய எஞ்ஜினீயரோ அந்நிய உதவியோ வேண்டியதில்லை. ஒரு திருகு சாவியும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரும், அவருக்குக் கொடுக்க ஊர்ப் பொதுவில் கொஞ்சம் பணமும் இருந்தால் போதும்.

ஆகவே பிற்காலத்தில் வந்தவர்கள் வேலையின் முறையையே மாற்றினார்கள். குழாய்க்கு முன்னால் சங்கம். சங்கத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா. ஊரிலேயே ஒருவருக்குப் பயிற்சியும் ஆயுதப் பெட்டியும். ஓய்வு பெற்ற கூர்க்கா சிப்பாய்கள் வாழும் ஊர்களுக்காக 1989-இல் தொடங்கிய குடிநீர் வேலையும், 1992-இல் நேபாளிகளே ஸ்தாபித்த 'நேவா' என்னும் சங்கத்தின் வேலையும் ஊராரின் உழைப்பையும் பொறுப்பையும் அஸ்திவாரமாகக் கொண்டவை. சுனையை அளக்கவும், குழாயின் கணக்குப் போடவும் இன்று நேபாள வாலிபர்களே ஏராளமாக இருக்கிறார்கள். உள்நாட்டுக் கலகத்தின்போது 2004-இல் 'பீஸ் கோர்' தொண்டர்கள் வெளியேறி, 2012-இல்தான் திரும்பினார்கள். அந்த எட்டு வருஷமும் நீர் ஓடிய ஊர்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2015-இல் இயற்றிய நேபாள அரசியல் சாஸனம் சுத்தமான குடிநீரை ஒவ்வொரு பிரஜையின் உரிமையாகவே கூறுகிறது.

ஆனால் இயற்கையும் ஒரு கேள்வி கேட்கத் தவறவில்லை. 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி நேர்ந்த பெரிய பூகம்பத்தில் பல ஊர்களில் சுனைகள் வற்றின. சில சுனைகள் இடம் மாறின. அதற்கு முன்பே நடுமலைப் பிரதேசத்தில் பல சுனைகள் இளைத்துக்கொண்டு வந்தன. இருபது வருஷத்துக்குப் போட்ட கணக்கில் ஜனங்கள் பெருகுவதைச் சேர்த்திருந்தார்கள். சுனை சுருங்குவதைச் சேர்க்கவில்லை. ஆகவே இப்போது மலைமேல் மழைநீரைத் தேக்கும் குட்டைகள் வெட்டுவதும், சுனைக்கு மேலுள்ள காட்டைக் காப்பதும் நீர்த் தொண்டின் பகுதிகளாகிவிட்டன.

போக விரும்புவோருக்கு

இவ்வளவு கஷ்டம் சொன்ன பிறகு, "அப்படியானால் போகவே வேண்டாமா?" என்று நம் வீட்டுப் பிள்ளை கேட்கலாம். போகத்தான் வேண்டும் என்போம். சிறுமியின் நெற்றியிலிருந்து குடப் பட்டை இறங்கிப் புத்தகப் பை தோளில் ஏறிய ஊர்கள் அம்மலைகளில் எத்தனையோ உண்டு. அந்தப் புண்ணியத்தில் பங்கு கொள்வது சாமானிய பாக்கியமன்று.

ஆனால் போகுமுன் சில விஷயங்களை மனத்தில் பதித்துக்கொள்வது நலம். நீர் இல்லாத ஊர் என்பது அறிவில்லாத ஊர் அன்று. ஆயிரம் வருஷமாக அந்தச் சுனையை வைத்துக்கொண்டு பிழைத்தவர்களிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கும். கையில் உள்ள காலம் இரண்டு வருஷமானால் முதல் வருஷத்தைக் காதுக்கும் இரண்டாம் வருஷத்தைக் கைக்கும் கொடுப்பது உத்தமம். பேசுகிறவர்களைவிடப் பேசாமல் ஓரத்தில் நிற்பவர்களிடமே குழாயடி எங்கே என்று கேட்க வேண்டும். நாம் செய்யக் கூடிய வேலையாயினும் ஊரார் செய்யக் கூடியதாயின் அவர்களுக்கே விட்டுவிட வேண்டும். புறப்படும் நாளில் திருகு சாவி யார் கையில் இருக்கப்போகிறது என்பதை வந்து சேர்ந்த நாளிலேயே யோசிக்க வேண்டும்.

காத்மாண்டு சமவெளியின் பழைய கல் தாரைகளை வெட்டி வைத்த சிற்பிகளின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் போய்ப் பல நூறு வருஷமாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தூர் எடுத்து, பாசி கழுவி, வருஷந்தோறும் பூஜை போட்டு அவற்றைக் காத்தவர்கள் அக்கம்பக்கத்து ஜனங்களே. தொண்டர் விட்டுச் செல்லும் குழாய்க்கும் அப்படிப்பட்ட அக்கம்பக்கம் அமைந்துவிட்டால், அவருடைய பெயரை ஊர் மறந்தாலும் குறை ஒன்றுமில்லை.